எத்தனை பேரில், எந்தப் பேரில்? வேலை, உதவித்தொகைத் திட்டங்களை மதிப்பிட வரும் புதியவர்களுக்கு

தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் நூறு நாள் வேலை, முதியோர் ஓய்வூதியம், மகளிர் உரிமைத்தொகை, திறன் பயிற்சி போன்ற திட்டங்களை ஆய்வு செய்யும் குழுவில் புதிதாகச் சேர்ந்தால், முதல் வாரமே கையில் ஒரு கேள்வித்தாளைக் கொடுத்து ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். சொற்களை உட்கார வைத்துச் சொல்லித்தர யாருக்கும் நேரம் இருப்பதில்லை. குடும்பம், பயனாளி, வேலை, தாக்கம் எல்லாம் தெரிந்த சொற்கள்தானே என்று நாமும் கிளம்பிவிடுவோம். அறிக்கை எழுதும்போதுதான் வம்பு தொடங்கும். ஒரே ஊராட்சிக்கு மூன்று பேர் மூன்று சதவீதம் சொல்வார்கள், மூன்றுமே சரியாகக் கூட்டிப் பெருக்கிய கணக்காக இருக்கும்.

காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: எதால் வகுத்தோம் என்பதை யாரும் எழுதி வைக்கவில்லை. கீழே வரும் ஒவ்வொரு சொல்லையும் "எத்தனை பேரில், எந்தப் பேரில்?" என்ற கேள்வியோடு படியுங்கள்.

முதல் வேலை: அலகை முடிவு செய்வது

எதை எண்ணுகிறோம்? ஆளையா, வீட்டையா, அட்டையையா? மகளிர் உரிமைத்தொகைக்குக் குடும்பம் என்பது ரேஷன் கார்டு. ஒரு கார்டுக்கு ஒரு பெண்தான். நூறு நாள் வேலைக்குக் குடும்பம் என்பது ஜாப் கார்டு. சர்வேக்களில் குடும்பம் என்றால் ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிடுகிறவர்கள். பென்னாகரம் பக்கத்தில் ஒரே வாசல், இரண்டு அடுப்பு, மூன்று ரேஷன் கார்டு, ஒரு ஜாப் கார்டு என்று இருக்கிற வீடு அபூர்வமில்லை. இந்த வீட்டை ஒன்று என்று எண்ணுவதா, இரண்டா, மூன்றா?

எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், ஆனால் முதல் பக்கத்தில் எழுதிவிட்டு கடைசிவரை மாற்றக்கூடாது. வழக்கமாகச் செய்வது இது: அடுப்பை அலகாக வைத்துக்கொண்டு, அந்த அடுப்பில் உண்கிறவர்களின் பெயர் எந்தெந்த ரேஷன் கார்டில், எந்த ஜாப் கார்டில் இருக்கிறது என்று தனித்தனிப் பத்தியில் குறிப்பது. கார்டை வாங்கிப் பார்த்துத்தான் குறிக்க வேண்டும், வாய்வார்த்தையில் வேண்டாம். கல்யாணமாகிப் போன பெண்ணின் பெயர் பிறந்த வீட்டுக் கார்டிலேயே இருக்கும், இறந்தவர் பெயரும் இருக்கும்.

நூறு நாள் வேலையில் இன்னொரு அலகு உண்டு, மனித நாள். ஒருவர் ஒரு நாள் வேலை செய்தால் ஒரு மனித நாள். 2005ஆம் ஆண்டு ஊரக வேலை உறுதிச் சட்டத்தில் நூறு நாள் என்பது குடும்பத்துக்கு என்றுதான் இருந்தது, ஆளுக்கு இல்லை. ஒரு கார்டில் மாமியாரும் மருமகளும் ஆளுக்கு ஐம்பது நாள் போயிருந்தால் அந்தக் கார்டுக்கு நூறு முடிந்தது.

இப்போது வகுத்துப் பாருங்கள். ஓர் ஊராட்சியில் 800 ஜாப் கார்டு இருக்கிறது. அதில் கடந்த மூன்று ஆண்டுகளில் ஒரு நாளாவது வேலைக்குப் போனவை 600. இவற்றைத்தான் நடப்பில் உள்ள கார்டு என்கிறார்கள். இந்த ஆண்டு வேலைக்குப் போனவை 400. மொத்தம் 20,000 மனித நாள். சராசரி என்ன? 400ஆல் வகுத்தால் 50 நாள், 600ஆல் வகுத்தால் 33, 800ஆல் வகுத்தால் 25. அதிகாரி ஐம்பது என்பார், போராட்டக்காரர் இருபத்தைந்து என்பார், இருவரும் பொய் சொல்லவில்லை. அறிக்கையில் மூன்றையும் போடுங்கள்.

தகுதி, விண்ணப்பம், ஒப்புதல், பெறுதல்

நான்கும் நான்கு எண். தகுதியுள்ளவர்கள் எத்தனை பேர் என்பது எந்த அலுவலகக் கோப்பிலும் கிடைக்காது, வீடு வீடாகப் போனால்தான் தெரியும். விண்ணப்பமும் ஒப்புதலும் கோப்பில் இருக்கும். பெறுதல் வங்கிப் பாஸ்புக்கில் இருக்கும். உரிமைத்தொகைக்கான விண்ணப்பப் பதிவு முகாமை 2023 ஜூலை 24 அன்று தருமபுரி மாவட்டம் தொப்பூரில்தான் முதலமைச்சர் தொடங்கி வைத்தார்; செப்டம்பர் 15இல் காஞ்சிபுரத்தில் திட்டம் தொடங்கி, மாதம் 1,000 ரூபாய் வரத் தொடங்கியது. முகாமுக்கு வந்தவர்களிலிருந்து கணக்கைத் தொடங்கினால், முகாமுக்கே வராதவர்கள் ஆய்விலிருந்தே காணாமல் போவார்கள். சித்தேரி மலையிலோ அஞ்செட்டிக்கு உள்ளே தள்ளியிருக்கும் குக்கிராமத்திலோ இப்படி விடுபடுகிறவர்கள்தான் நீங்கள் முக்கியமாகப் பார்க்க வேண்டியவர்கள்.

இங்கே இரண்டு பிழைகளைப் பிரித்துச் சொல்ல வேண்டும். தகுதி இருந்தும் கிடைக்காமல் போவது விடுபடல் பிழை. தகுதி இல்லாமல் கிடைப்பது நுழைவுப் பிழை. தகுதியுள்ளவர் 200 பேர், பணம் வாங்குகிறவர் 180 பேர், அந்த 180இல் தகுதியற்றவர் 30 பேர் என்று வைத்துக்கொள்வோம். தகுதியோடு வாங்குகிறவர் 150. விடுபடல் பிழை 200இல் 50, அதாவது 25 சதவீதம். நுழைவுப் பிழை 180இல் 30, ஏறக்குறைய 17 சதவீதம். வகுக்கும் எண் இரண்டுக்கும் வேறு என்பதால் இரண்டு சதவீதத்தையும் கூட்டவோ கழிக்கவோ கூடாது. நுழைவுப் பிழையைப் பற்றித்தான் எல்லோரும் பேசுவார்கள், "கார் வெச்சிருக்கறவனுக்கெல்லாம் கொடுக்கறாங்க" என்று டீக்கடையிலேயே தகவல் கிடைத்துவிடும். விடுபட்டவர் டீக்கடைக்கு வந்து சொல்ல மாட்டார்.

"வேலை கேட்டவர்கள்" என்ற எண்ணிடம் கொஞ்சம் ஜாக்கிரதை. 2005 சட்டப்படி வேலை கேட்டால் தேதியிட்ட ரசீது தர வேண்டும், 15 நாளில் வேலை தராவிட்டால் வேலையில்லாப் படி தர வேண்டும். நடைமுறையில் பல ஊராட்சிகளில் வேலை வரும்போதுதான் கேட்டதாகப் பதிவு ஏறுகிறது. அப்படி ஏறிய பதிவில் கேட்டவரும் பெற்றவரும் ஏறக்குறைய சமமாக இருப்பார்கள். அதை வைத்து "கேட்ட அனைவருக்கும் வேலை" என்று எழுதிவிடாதீர்கள். வீட்டில் போய், "வேலை கொடுத்திருந்தா இந்த மாசம் எத்தனை நாள் போயிருப்பீங்க?" என்று கேட்டு, அந்த விடையோடு ஒப்பிடுங்கள்.

பட்டியல் சுருங்கினால் அதற்கும் காரணம் தேட வேண்டும். அமெரிக்காவில் 1996இல் பழைய குடும்ப உதவித் திட்டத்தை எடுத்துவிட்டு, வேலைக்குப் போகும் நிபந்தனையும் கால வரம்பும் வைத்துப் புதிய திட்டம் கொண்டுவந்தார்கள். உதவி பெறுவோர் எண்ணிக்கை வேகமாக விழுந்தது. வேலை கிடைத்துப் போனவர் எத்தனை பேர், நிபந்தனை மீறியதாகத் தொகை வெட்டப்பட்டவர் எத்தனை பேர், வெறுத்துப்போய் விண்ணப்பிக்காமலே விட்டவர் எத்தனை பேர் என்று பிரிப்பதே அங்கே பெரிய ஆய்வாகிவிட்டது. இங்கேயும் 2024 ஜனவரி முதல் நூறு நாள் கூலி ஆதார் வழியாக மட்டும் என்று ஆனது. பெயர் நீங்கிய ஒவ்வொருவருக்கும் இறப்பு, இடப்பெயர்ச்சி, ஆதார் பொருந்தாமை, விருப்பமின்மை என்று காரணம் எழுதப் பத்தி வையுங்கள்.

வெளியீடு, விளைவு, தாக்கம்

தையல் பயிற்சியில் 60 பேர் சான்றிதழ் வாங்கினார்கள் என்பது வெளியீடு. அவர்களில் 33 பேர் ஓராண்டு கழித்து வேலையில் இருக்கிறார்கள் என்பது விளைவு. பயிற்சி இல்லாவிட்டாலும் வேலைக்குப் போயிருப்பவர்களைக் கழித்த பிறகு மிஞ்சுவதுதான் தாக்கம். செய்தித்தாளில் தாக்கம் என்று வருவதில் பாதிக்குமேல் வெளியீடுதான்.

வேலைவாய்ப்பு விகிதம் என்று பயிற்சி நிறுவனங்கள் சொல்வதும் விளைவுதான். கிராமப்புற இளைஞர்களுக்கான மத்திய அரசின் திறன் பயிற்சித் திட்டமான டிடியு-ஜிகேஒய்யில் பயிற்சி பெற்றவர்களில் குறைந்தது 70 சதவீதம் பேருக்கு வேலை வாங்கித்தர வேண்டும் என்ற நிபந்தனை உண்டு. பயிற்சியை முடித்தவர்களிலா, சேர்ந்தவர்களிலா? முதல் நாள் வேலையில் சேர்ந்ததா, மூன்று மாதம் நிலைத்ததா? ஓசூர் கம்பெனியில் சேர்ந்து, விடுதிச் சாப்பாடு பிடிக்காமல் இருபதாம் நாள் வீடு திரும்பிய பெண் எந்தப் பத்தியில் வருவாள்? கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

ஒப்பீட்டுக் குழு: இங்கேதான் நேரம் செலவழிக்க வேண்டும்

திட்டம் வராமல் இருந்திருந்தால் இதே ஆட்கள் எப்படி இருந்திருப்பார்கள்? அந்த நிலையை யாரும் கண்ணால் பார்க்க முடியாது. அதற்கு ஈடாக வேறு யாரையாவது பார்க்கிறோம். அந்த வேறு யாரோதான் ஒப்பீட்டுக் குழு.

எளிதில் கையில் கிடைப்பது முன்–பின் ஒப்பீடு, எளிதில் ஏமாற்றுவதும் அதுவே. பிப்ரவரியில் ஒரு சர்வே, ஜூனில் ஒரு சர்வே எடுத்தால் காவேரிப்பட்டணம், பர்கூர் பக்கம் எல்லோருக்கும் வருமானம் கூடியிருக்கும். மாங்காய்ப் பறிப்பும் மண்டியும் மாங்கூழ் ஆலையும் ஓடுகிற காலம் அது, திட்டத்துக்கு அதில் பங்கில்லை. அடிப்படைச் சர்வேயும் இறுதிச் சர்வேயும் ஒரே தமிழ் மாதத்தில் வர வேண்டும். இதிலேயே இன்னொரு கண்ணி: ஆட்கள் பயிற்சியில் சேருவதே வேலை போன சமயத்தில்தான். சேருவதற்குச் சற்றுமுன் வருமானம் பள்ளத்தில் இருக்கும், பயிற்சி இல்லாவிட்டாலும் தானாக ஏறும். அமெரிக்கப் பயிற்சித் திட்டங்களில் 1978இலேயே ஆஷன்ஃபெல்டர் இதைச் சுட்டிக்காட்டினார். இன்றும் அவர் பெயரால்தான் அந்தப் பள்ளத்தைச் சொல்கிறார்கள்.

சேர்ந்தவர்–சேராதவர் ஒப்பீடு அடுத்தது. தமிழகத்தில் மகளிர் சுயஉதவிக் குழுக்கள் சர்வதேச வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு 1989இல் தருமபுரியில்தான் தொடங்கின. அன்றுமுதல் குழுவில் இருக்கும் பெண்ணையும் இல்லாத பெண்ணையும் ஒப்பிட்டு அறிக்கைகள் வந்துகொண்டே இருக்கின்றன. முதலில் சேர்ந்த பெண் ஏற்கெனவே துணிச்சலானவள், வீட்டில் அனுமதி உள்ளவள், மாதாமாதம் சேமிக்கக் கையில் ஏதோ இருப்பவள். அந்த வித்தியாசத்தையும் சேர்த்துக் குழுவின் கணக்கில் எழுதுவது தேர்வுச் சாய்வு.

தருமபுரியையும் கிருஷ்ணகிரியையும் ஒப்பிடலாமே, 2004 பிப்ரவரி 9 வரை ஒரே மாவட்டம்தானே என்ற யோசனை ஒவ்வொரு புதியவருக்கும் வரும். ஓசூரை நினைத்துப் பாருங்கள். தொழிற்சாலை, பெங்களூரு நெருக்கம், நில விலை எல்லாம் கிருஷ்ணகிரி பக்கம். ஆரம்ப அளவு வேறாக இருந்தாலும் பரவாயில்லை, மாறும் வேகம் ஒன்றாக இருந்தால் போதும் என்பதுதான் இரு பக்கமும் ஏற்பட்ட மாற்றத்தை ஒப்பிடும் வித்தியாசத்தின் வித்தியாசம் என்ற முறையின் நிபந்தனை. அந்த வேகமே ஒன்றாக இல்லை. தருமபுரிப் பக்கத்துப் பாலக்கோட்டையும் கிருஷ்ணகிரிப் பக்கத்து ராயக்கோட்டையையும் ஒப்பிடுங்கள், ஓரளவு நிற்கும். திட்டத்துக்கு முந்தைய மூன்று நான்கு ஆண்டுகளின் கூலியை இரு பக்கமும் கோடு போட்டுப் பார்த்து, கோடுகள் சேர்ந்தே போகின்றனவா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். நூறு நாள் வேலை தமிழகத்தில் 2006இல் ஆறு மாவட்டங்களில் தொடங்கி, இங்கே 2008 ஏப்ரலில்தான் வந்தது. இந்த இடைவெளியை வைத்து ஒப்பிடுகிறவர்களும் இதே கோட்டுச் சோதனையைச் செய்தாக வேண்டும், ஏனென்றால் பின்தங்கிய மாவட்டங்களைப் பார்த்துத்தான் முதலில் கொடுத்தார்கள்.

வரம்பை வைத்து ஒப்பிடுவது இன்னும் அழகான வழி. உரிமைத்தொகைக்கு ஆண்டு மின்நுகர்வு 3,600 யூனிட்டுக்குள் இருக்க வேண்டும் என்று வைத்தார்கள். 3,500 யூனிட் வீடும் 3,700 யூனிட் வீடும் வாழ்க்கையில் பெரிதாக வேறுபடாது, ஒன்றுக்குத் தொகை வரும், ஒன்றுக்கு வராது. மற்ற நிபந்தனைகளில் தேறிய வீடுகளை மட்டும் எடுத்து, வரம்புக்கு இருபுறமும் ஒப்பிட்டால் தாக்கம் தெரியும். மின்கட்டணம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை என்பதால் ஆறு பில்லைக் கூட்ட வேண்டும், ஒன்றைப் பார்த்து ஆறால் பெருக்கக்கூடாது, கோடையில் ஏறும். ஒரே வீட்டில் இரண்டு இணைப்பு இருக்கிறதா என்றும் பாருங்கள். இதே வேலையை இரண்டரை லட்ச ரூபாய் வருமான வரம்பில் செய்ய முயலாதீர்கள். வருமானம் வாயால் சொல்வது, வரம்புக்குக் கீழே வந்து குவிந்திருக்கும். மின்மீட்டரோ, திட்டம் வருவதற்கு முன்பே ஓடி முடித்துவிட்டது. இந்த முறையின் குறையையும் சேர்த்தே எழுதுங்கள்: வரம்பை ஒட்டிய வீடுகளைப் பற்றித்தான் இது பேசும், ஒற்றை பல்பு வீட்டைப் பற்றி எதுவும் சொல்லாது.

குலுக்கல், அதன் பிறகு வரும் கணக்கு

பயிற்சியில் இடம் குறைவு, விண்ணப்பம் அதிகம் என்றால் குலுக்கிப் போடுவது நியாயமும்கூட. விண்ணப்பித்தவர்கள் முன்னிலையில், எல்லாச் சீட்டும் ஒரே டப்பாவில், எடுத்த வரிசையில் எண்ணிட்டு அங்கேயே கையெழுத்து. இதைக் கெடுப்பது குலுக்கல் இல்லை, மறுவாரம் வரும் போன்: "அந்தப் பொண்ணு வரலை, அவளுக்குப் பதிலா நம்ம பையனைப் போட்டுக்கோங்க." மாற்று ஆள் வேண்டுமென்றால் அன்றே குலுக்கிய காத்திருப்பு வரிசையிலிருந்துதான் எடுக்க வேண்டும்.

200 பேர் விண்ணப்பித்து 100 பேர் குலுக்கலில் தேர்வானார்கள் என்று வைத்துக்கொள்வோம். வந்தவர் 60. ஓராண்டு கழித்து வந்த 60இல் 33 பேருக்கு வேலை, வராத 40இல் 12 பேருக்கு வேலை. தேர்வாகாத 100இல் 36 பேருக்கு வேலை.

பயிற்சி நிலையம் 33/60, அதாவது 55 சதவீதம் என்று எடுத்து, 36ஐக் கழித்து 19 புள்ளி என்று சொல்லும். தவறு. வந்த 60 பேர் தாங்களாக வந்தவர்கள், தேர்வாகாத 100இல் வரக்கூடியவரும் வராதவரும் கலந்திருக்கிறார்கள். சரியான ஒப்பீடு தேர்வானவர் மொத்தம் நூறில் 45, தேர்வாகாதவர் நூறில் 36: வித்தியாசம் 9 சதவீதப் புள்ளி. இது ஒதுக்கியபடித் தாக்கம். வந்தவர்கள்மேல் எவ்வளவு என்றால் 9ஐ 0.60ஆல் வகுக்க வேண்டும், 15 புள்ளி. வராதவர்கள்மேல் பயிற்சிக்கு எந்த விளைவும் இல்லை, தேர்வாகாதவர் யாரும் பின்வாசலால் உள்ளே வரவில்லை என்றால்தான் இந்த 15 செல்லும். 36இலிருந்து 45 ஆனதை 9 புள்ளி என்றும் சொல்லலாம், 25 சதவீத உயர்வு என்றும் சொல்லலாம். "9 சதவீதம் உயர்வு" என்று மட்டும் எழுதாதீர்கள்.

இந்த 9ஐ நம்பலாமா? குழுவுக்கு 100 பேர் என்றால் 95 சதவீத நம்பக எல்லை, அதாவது உண்மையான வித்தியாசம் இருக்கக்கூடிய வீச்சு, ஏறக்குறைய கழித்தல் 5 முதல் 23 வரை ஓடும். பூஜ்யம் உள்ளே இருக்கிறது, அதாவது தாக்கமே இல்லாமலும் இருக்கலாம். 9 புள்ளி வித்தியாசத்தைப் பிடிக்க ஒரு குழுவுக்குச் சுமார் 475 பேர் தேவை. கைக்கணக்கு: p(1–p)ஐ 16ஆல் பெருக்கி, எதிர்பார்க்கும் வித்தியாசத்தின் வர்க்கத்தால் வகுங்கள். p என்பது இரு குழுக்களிலும் வேலையில் இருப்பவர்களின் சராசரி விகிதம், இங்கே 0.405; வித்தியாசம் 0.09. ஆளுக்குப் பதில் ஊரைக் குலுக்கினால் இன்னும் கூடும். ஊருக்கு 20 பேர், ஒரே ஊர்க்காரர்கள் ஒருவரையொருவர் ஒத்திருக்கும் அளவு 0.05 என்றால், 20இல் ஒன்றைக் குறைத்து 1 + 19 × 0.05 = 1.95, கிட்டத்தட்ட இரு மடங்கு ஆட்கள் வேண்டும். இதை நிதி கேட்பதற்கு முன் போட்டுப் பார்க்க வேண்டும்.

வேலை, வருமானம் கேட்பது

"வேலைக்குப் போறீங்களாக்கா?" என்றால், "இல்ல கண்ணு, வீட்டுல சும்மாதான் இருக்கேன்" என்பார். அதே அக்கா விடியற்காலையில் இரண்டு மாட்டில் பால் கறந்து சொசைட்டிக்கு ஊற்றியிருப்பார், பிற்பகலில் கிலோவுக்கு இவ்வளவு என்று புளி தட்டியிருப்பார். ஆகவே வேலை என்ற சொல்லைக் கேள்வியிலிருந்தே எடுத்துவிடுங்கள். மாடு, பட்டுப்புழு, பூ பறிப்பு, புளி, தக்காளி, நூறு நாள், கட்டட வேலை, கம்பெனி என்று பட்டியல் படித்து, கடந்த ஏழு நாளில் ஒவ்வொன்றிலும் எத்தனை நாள், கையில் எவ்வளவு என்று கேளுங்கள். பொங்கல், ஆடிப்பெருக்கு வாரம் என்றால் அதற்கு முந்தைய சாதாரண வாரத்தைக் கேளுங்கள்.

சராசரிச் சம்பாத்தியம் எடுக்கும்போது சம்பாதிக்காதவரையும் பூஜ்யமாகச் சேர்த்தே வகுக்க வேண்டும். வேலையில் இருப்பவரை மட்டும் எடுத்தால், புதிதாகக் குறைந்த கூலி வேலைக்கு வந்தவர்களால் சராசரி விழுந்து, திட்டம் கெடுதல் செய்தது போலத் தோன்றும். நிறுவனங்கள் காலாண்டுக்கு ஒருமுறை அரசுக்குக் கொடுக்கும் சம்பளப் பதிவிலிருந்தே அமெரிக்க ஆய்வுகள் இதை எடுத்துவிடும். இங்கே பிஎஃப் பதிவை மட்டும் நம்பினால் பெங்களூருவில் சென்டரிங் வேலை பார்க்கும் தருமபுரிக்காரர் வேலையில்லாதவர் ஆகிவிடுவார்.

அவரைக் கண்டுபிடிப்பதும் தனி வேலை. முதல் சர்வேயிலேயே மூன்று போன் எண் வாங்குங்கள்: அவருடையது, வீட்டிலேயே இருக்கும் ஒருவருடையது, பக்கத்து வீட்டாருடையது. இறுதிச் சர்வேயில் பயிற்சிக் குழுவில் 5 சதவீதம், ஒப்பீட்டுக் குழுவில் 20 சதவீதம் கிடைக்கவில்லை என்றால் மற்ற எல்லாக் கணக்கும் ஆட்டம் காணும். இப்படி இறுதிச் சர்வேயில் கிடைக்காமல் போனவர்களின் விகிதத்தைக் குழுவாரியாகத் தனியே போடுங்கள். தளி, ஓசூர் பக்கம் தெலுங்கும் கன்னடமும் பேசும் வீடுகளுக்குத் தமிழ்க் கேள்வித்தாளை நின்ற இடத்தில் மொழிபெயர்க்க விடாதீர்கள், முன்பே அச்சிட்டுக் கொண்டு போங்கள்.

செலவும் எழுதும் முறையும்

செலவில் யார் பையிலிருந்து என்று கேளுங்கள். முதியோர் ஓய்வூதியம் அரசுக்குச் செலவு, பாட்டிக்கு வரவு. சமூகம் முழுவதற்கும் பார்த்தால் கைமாற்றம்தான். நிர்வாகச் செலவும், சான்றிதழுக்காக இழந்த ஒரு நாள் கூலியும்தான் உண்மையில் கரைவது.

சமூகத் தணிக்கை வேறு வேலை. வருகைப் பதிவேடான மஸ்டர் ரோலில் உள்ள பெயருக்கு ஆள் இருக்கிறாரா, பணம் வந்ததா, வெட்டிய குட்டை இருக்கிறதா என்று அது பார்க்கும். குட்டையால் யார் வாழ்க்கை மாறியது என்று பார்க்காது. அதன் தாள்களை வாங்கி உங்கள் எண்ணிக்கையோடு ஒத்துப்பாருங்கள், ஆனால் தாக்கத்துக்குச் சான்றாகக் காட்டாதீர்கள்.

முடிவை இந்த வடிவில் எழுதினால் கிராம சபையிலும் படிக்கலாம், கலெக்டர் அலுவலகத்திலும் கொடுக்கலாம்: "விண்ணப்பித்த 200 பேரில் குலுக்கலில் தேர்வான 100 பேரில், ஓராண்டுக்குப் பின் கடந்த ஏழு நாளில் கூலி வேலை செய்தவர் 45 பேர்; தேர்வாகாத 100 பேரில் 36 பேர். வித்தியாசம் 9 சதவீதப் புள்ளி. 95 சதவீத எல்லை –5 முதல் 23 வரை. தேர்வானவர்களில் பயிற்சிக்கு வந்தவர் 60 பேர்." இதில் எந்த எண்ணை நீக்கச் சொல்கிறார்களோ, அதை அடுத்த பக்கத்தில் அட்டவணையாகப் போட்டுவிடுங்கள்.